கோடு கிழித்தவர்கள்: சிட்னியில் 1900ஐத் தேடி

திங்கள், மெக்குவாரி வீதி

சிட்னிக்கு வருகிறவர்கள் ஓபரா மாளிகை முன்னால் நின்று படம் எடுத்தால்தான் வந்ததற்குக் கணக்கு. நான் டூங்காபியில் ரயிலேறி, நகரத்துக்குள் இறங்கி, நேராக மாநில நூலகத்துக்குள் புகுந்துவிட்டேன்.

"வாசிகசாலையில் குந்தியிருக்கவா இவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் எடுத்தாய்?" என்று காலையிலேயே சித்தப்பா கேட்டார். "பிள்ளை தனக்குப் பிடித்ததைச் செய்யட்டும், விடுங்கள்" என்று சித்தி தேநீரை வைத்தார். சித்தப்பா சிட்னிக்கு வந்த நாள் முதல் பராமட்டா ஈல்ஸ் அணியின் பக்தர். அவருக்கு ரக்பி என்றால் ரக்பி லீக், அதாவது 13 பேர் ஆடுவது. நான் தேடி வந்தது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். கண்டியில் வளர்ந்தவனுக்கு அதுதான் ரக்பி. சனிக்கிழமை பின்னேரம் நித்தவெல மைதானத்து வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்த ஆட்டம் அது. இங்கே அதைச் சொன்னால், "அது பணக்காரப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விளையாட்டு" என்கிறார்கள். எப்போதும் அப்படி இருந்ததா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

மிட்செல் கட்டடத்தின் வாசல் கூடத்துத் தரையில் டச்சு மாலுமி டாஸ்மானின் கடல் வரைபடம் பளிங்கில் பதித்துக் கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், 1900ஆம் ஆண்டு நாளிதழ்களைத் திறந்தேன். தாள் கையில் கிடைக்காது, எல்லாம் திரையில்தான். படமில்லாத நீள நீளமான பத்திகள். போயர் யுத்தம், பிளேக் நோய், அடுத்த ஆண்டு பிறக்கப்போகும் கூட்டாட்சி, இவற்றுக்கு நடுவே ரக்பி.

அந்த வருடத்துக்கு முன்பு சிட்னியின் ரக்பிக் கழகங்களுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. வாலரூ, பைரேட்ஸ், ராண்ட்விக், பல்கலைக்கழகம் என்று பல பெயர்கள் இருந்தன. வாலரூவை 1870இல் நண்பர்கள் சிலர் சேர்ந்து தொடங்கினார்கள். நல்ல ஆட்டக்காரனுக்கு எந்தக் கழகத்தில் பழக்கம் இருக்கிறதோ அங்கே போவான், அவனைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வருவார்கள். பலமான கழகம் மேலும் பலமாகும், மற்றவை வாடும். பேருக்கு ராண்ட்விக் போன்ற ஓர் ஊர் ஒட்டியிருந்தாலும், அந்த ஊரில் குடியிருப்பவன்தான் ஆட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பார்க்க வருகிறவன் மட்டும் எந்த அணியை "எங்களுடையது" என்பான்?

கிரிக்கெட்காரர்கள் இதற்கு ஏற்கெனவே வழி கண்டிருந்தார்கள். 1893 முதல் சிட்னிக் கிரிக்கெட்டில் தேர்தல் தொகுதி வாரியாகக் கழகங்கள். எந்தத் தொகுதியில் குடியிருக்கிறாயோ அந்தத் தொகுதிக்குத்தான் ஆடலாம். 1899இல் முல்லினக்ஸ் பாதிரியார் அழைத்து வந்த பிரிட்டிஷ் அணியைச் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் முதல் டெஸ்டில் ஆஸ்திரேலியா 13-3 என்று வீழ்த்தியது. மற்ற மூன்று டெஸ்டுகளும் கையை விட்டுப் போனாலும், ரக்பிமீது மக்களுக்கு ஒரு பசி பிறந்துவிட்டது. அடுத்த வருடமே ரக்பிச் சங்கம் நகரத்தின் வரைபடத்தை மேசையில் விரித்துக் கோடு கிழித்தது. கிளீப், நியூட்டவுன், பல்மெய்ன், தெற்கு சிட்னி, வடக்கு சிட்னி, கிழக்குப் புறநகர், மேற்குப் புறநகர் என்று ஏழு வட்டாரங்கள். எட்டாவதாகப் பல்கலைக்கழகம். அதற்கு எல்லை இல்லை, மாணவனாக இருந்தால் போதும். வாலரூவும் பைரேட்ஸும் முதல் வரிசையிலிருந்து காணாமல் போயின. வாலரூ என்ற பெயர் மட்டும் சாகாமல், இன்று ஆஸ்திரேலியப் பெண்கள் ரக்பி அணிக்குப் பெயராக ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்று மணிக்குக் கண் எரிந்தது, எழுந்து வந்துவிட்டேன். ஓபரா மாளிகையையும் பார்த்தேன். இல்லாவிட்டால் சித்தி விடமாட்டார்.

செவ்வாய், கிளீப்

முதல் வட்டாரப் பருவத்தை வென்றது கிளீப். ஆகையால் முதல் நடை கிளீப்புக்கு.

சென்ட்ரலிலிருந்து டிராம் போன்ற இலகு ரயில். வென்ட்வொர்த் பூங்கா நிறுத்தத்தில் இறங்கியதும் கால் நடக்கவிடாமல் கண் இழுக்கிறது. பூங்காவின் குறுக்கே செங்கல் வளைவுகளாக ரயில் பாலம் போகிறது, அதன் கீழே பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள், நடுவில் நாய்ப் பந்தயத் திடல். ஒரு காலத்தில் இது பிளாக்வாட்டில் சதுப்பு நிலம். கசாப்புக் கடைக் கழிவும் சேறும் நிறைந்து நாறிய இடத்தைத் தூர்த்துப் பூங்காவாக்கினார்கள். கடல் இன்னமும் கூப்பிடு தூரத்தில்தான். அந்தக் கரையில் அன்று மரக்காலைகள், படகுத் துறைகள். ஆட்டக்காரர்களில் பலர் அங்கே கூலிக்கு மரம் இறக்கியவர்கள்.

மேட்டில் ஏறினால் வீடுகள். ஒட்டி ஒட்டி நிற்கும் சிறு வரிசை வீடுகள், இரும்புக் கம்பி வேலைப்பாடு கொண்ட தாழ்வாரம், வீதியில் கால் வைத்தால் அடுத்தவர் வாசல். இந்த மண்ணில் பெரும்பகுதி ஆங்கிலிக்கன் திருச்சபையின் சொத்து. குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கினார்கள். 1974இல்தான் மத்திய அரசு அந்தக் குடியிருப்பை விலைக்கு வாங்கி, குடியிருந்தவர்களை வெளியேற்றாமல் காப்பாற்றியது. இன்று அதே மாதிரி வீடு ஒன்றின் விலையைத் தரகர் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். படித்துவிட்டு வேகமாக நடந்தேன்.

கிளீப் அணியின் சட்டை கருஞ்சிவப்பு. எதிரணிகள் வைத்த பட்டப்பெயர் "அழுக்குச் சிவப்பர்கள்". வசை என்று வைத்தார்களோ என்னவோ, கிளீப்காரர்கள் அதைப் பட்டம்போல் அணிந்துகொண்டார்கள். 1900 அவர்களுடையது. 1901இல் பல்கலைக்கழகத்துடன் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1906இலும் 1907இலும் மறுபடி அவர்களே.

வார நாளெல்லாம் துறைமுகத்தில் வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் ஓடி வந்து ஆடுகிறவர்களை நினைத்துப் பாருங்கள். மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே இல்லை. ஒருவனுக்குக் கால் முறிந்தால் 14 பேரோடு ஆட வேண்டியதுதான். புள்ளிக் கணக்கும் வேறு. எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை அடித்தால் 3, அதன்பின் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே கடத்தினால் 2. ஆனால் ஓட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விழவிட்டு உதைத்துக் கம்பங்களுக்கு இடையே அனுப்பும் டிராப் கோலுக்கு 4! பத்துப் பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பந்தை வைப்பவனை விட, தூரத்தில் நின்று உதைப்பவனுக்குக் கூலி அதிகம். இந்த விதியை எழுதியவர், இரு அணிகளும் குனிந்து ஒன்றையொன்று தள்ளும் ஸ்க்ரமுக்குள் ஒருநாளும் தலை கொடுத்திருக்கமாட்டார் என்பது என் கருத்து.

செயின்ட் ஜான்ஸ் வீதியில் கிளீப் நகர மண்டபம். வெளியே நின்று பார்த்தால் நம் ஊர் நகரசபைக் கட்டடத்தைவிட அலங்காரம் சற்றே அதிகம், அவ்வளவுதான். இந்தக் கட்டடத்துக்குள்தான் 1908 ஜனவரி 9 அன்று கிளீப்பின் ரக்பி லீக் கழகம் பிறந்தது. சிட்னியில் பிறந்த முதல் லீக் கழகங்களில் ஒன்று அது. யூனியனில் வரிசையாகக் கோப்பை வாங்கிக்கொண்டிருந்த அதே கிளீப்! அது எப்படி என்று கேட்டால், 1907க்குப் போக வேண்டும்.

அந்த ஜூலையில் நியூ சவுத் வேல்ஸும் நியூசிலாந்தும் மோதிய ஆட்டத்துக்குச் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் 50,000 பேருக்கு மேல் திரண்டார்கள். வாசலில் வசூலான பணம் சங்கத்துக்கு. ஆடியவனுக்கு ஒரு செப்புக்காசு கிடையாது, ஏனென்றால் அமெச்சூர் தர்மம். கிளீப்பின் அலெக் பர்டன் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தார், இழந்த கூலிக்கு ஈடு கிடைக்கவில்லை. மார்க்கெட் வீதியில் விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்த விக்டர் ட்ரம்பருக்கு இந்தப் பேச்சுக்கள் காதில் விழுந்தன. ஆம், கிரிக்கெட்டின் அந்த ட்ரம்பரேதான். அவரும் ஜிம் கில்டினன் என்ற தொழில்முனைவரும் ஹென்றி ஹோய்ல் என்ற அரசியல்வாதியும் முன்னின்று, ஆகஸ்டில் ஜார்ஜ் வீதி ஹோட்டல் ஒன்றில் கூட்டம் போட்டுப் புதிய லீக் சங்கத்தைத் தொடங்கினார்கள். கிழக்குப் புறநகரின் நட்சத்திரம் டாலி மெசஞ்சர், டபுள் பே படகுக் கொட்டகைக் குடும்பத்துப் பையன், அதே மாதம் அணி மாறினார். தாயாரின் சம்மதம் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொல்லப்படுகிறது. அது உண்மையானால் எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

புதன், பல்கலைக்கழகம்

மணற்கல் சதுக்கம் அழகு. அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் போனது பின்பக்க மைதானத்துக்கு.

1863இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் கழகம் இது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வெளியே மிகப் பழைய ரக்பிக் கழகம் தாங்கள்தான் என்கிறார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. நீலமும் பொன்னிறமும் கலந்த சட்டை அணிந்த பையன்கள் ஸ்க்ரம் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் விசில் ஊதினால் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் குனிகிறார்கள், இரும்பு கிறீச்சிடுகிறது, புல் பெயர்கிறது. முதல் வரிசைப் பையன் ஒருவன் எழுந்து காதில் சுற்றியிருந்த டேப்பைச் சரிசெய்துகொண்டு மறுபடி குனிந்தான். அவன் கைப்பையில் உடற்கூறியல் புத்தகம் துருத்திக்கொண்டிருந்தது.

1901இல் கோப்பையைப் பங்கு போட்டவர்கள் யார் யார் என்று யோசித்தேன். ஒரு பக்கம் மரம் இறக்கும் கூலிகள், மறுபக்கம் வருங்கால டாக்டர்களும் வக்கீல்களும். இரண்டு பேரும் சமமாக நின்ற ஒரு பருவம் இருந்திருக்கிறது. ஆனால் ஒருவனுக்கு முழங்கால் போனால் ஒரு தவணைப் பரீட்சை போகும், இன்னொருவனுக்கு அதே முழங்கால் போனால் வீட்டில் உலை வைக்க முடியாது. அமெச்சூர் தர்மத்தை எழுதியவர்கள் முதல் வகைக்காரர்கள்.

1908இல் பிரிட்டன் போன முதல் வாலபி அணியே, அதாவது ஆஸ்திரேலிய யூனியன் அணியே, இதற்கு உதாரணம். தலைவர் ஹெர்பர்ட் மோரன், டாக்டர். லண்டன் ஒலிம்பிக் ஆட்டத்தில் அவர் காயத்தால் ஆட முடியாமல் போக, கிளீப்பின் கிறிஸ் மெக்கிவாட் தலைமையில் கார்ன்வால் அணியை 32-3 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். மோரன் கடைசி வரை டாக்டர். மெக்கிவாட் ஊர் திரும்பி, அடுத்த வருடமே லீக்குக்குப் போய்விட்டார். தங்கப் பதக்கத்தை வைத்து வாடகை கட்ட முடியாதல்லவா.

வியாழன், பர்ச்குரோவ்

பல்மெய்ன் பக்கம் போவதற்குப் படகுதான் சரி. பஸ் இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் போனால் கப்பல்துறைத் தொழிலாளர்களின் ஊர் ஏன் தீபகற்பம்போல் தனித்து, பிடிவாதமாக இருந்தது என்று புரியாது.

பர்ச்குரோவ் மைதானம் ஸ்னெயில்ஸ் பே குடாவின் விளிம்பில் இருக்கிறது. பந்தை ஓங்கி உதைத்தால் கடலில் விழும். மூன்று பக்கம் சரிவு, சரிவில் கல் படிகள், மேலே வீடுகள். ஒரு கிழவர் நாயைக் கட்டிவிட்டு அமர்ந்திருந்தார். பல்மெய்ன்காரர், பேச்சுக்குக் காத்திருந்தவர். "இங்கேதான் லீக் தொடங்கியது, தெரியுமா?" என்றார். தெரியும் என்றதும் முகம் சற்று வாடியது. ஆகையால் தெரியாதவன்போல மீதியைக் கேட்டுக்கொண்டேன்.

1908 ஏப்ரல் 20, ஈஸ்டர் திங்கள். இங்கேயும் வென்ட்வொர்த் பூங்காவிலும் லீக்கின் முதல் சுற்று. அந்தப் பருவத்தில் ஆடிய ஒன்பது கழகங்களைப் பாருங்கள்: கிளீப், நியூட்டவுன், பல்மெய்ன், தெற்கு சிட்னி, வடக்கு சிட்னி, கிழக்குப் புறநகர், மேற்குப் புறநகர், அவற்றோடு கம்பர்லாந்து, நியூகாசில். திங்கட்கிழமை நான் எழுதியதை மேலே போய் ஒருமுறை பாருங்கள். 1900இல் யூனியன் கிழித்த ஏழு வட்டாரங்கள், பெயர் மாறாமல் அப்படியே. பல்கலைக்கழகம் மட்டும் வரவில்லை!

எனக்கு இந்த முழுக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. சம்பளம்தான் லீக்கை உண்டாக்கியது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பழைய நண்பர் கழகங்களாகவே இருந்திருந்தால், பத்து ஆட்டக்காரர்கள் போனால் பத்து ஆட்டக்காரர்கள்தான் போயிருப்பார்கள். இடையில் எட்டு வருடங்களாக யூனியனே சனிக்கிழமைதோறும் மக்களுக்கு ஒரு பழக்கத்தை ஊட்டி வளர்த்துவிட்டது: உன் தெருக்காரன் ஆடுகிறான், உன் வட்டாரத்தின் நிறம் இது, பக்கத்து வட்டாரம் உன் எதிரி. ஊர்ப்பற்று ஒருமுறை பிடித்துவிட்டால் அது சங்கத்தின் விதிப்புத்தகத்தைக் கேட்டுக்கொண்டிருக்காது. கிளீப்பின் பர்டன் எந்தப் பக்கமோ, கிளீப்பின் தெருவும் அந்தப் பக்கம். வடக்கு சிட்னி தன் சிவப்பு கறுப்பையும், கிளீப் தன் கருஞ்சிவப்பையும் லீக்குக்கு எடுத்துக்கொண்டு போயின. லீக்காரர்கள் புதிதாக ஒரு வரைபடம் வரைய வேண்டிய வேலையே இருக்கவில்லை.

கிழவரிடம் இதைச் சொன்னேன். "அப்படியானால் நாங்கள் திருடர்களா?" என்றார். "இல்லை ஐயா, குடிவந்தவர்கள்" என்றேன். சிரித்துவிட்டு நாயை அவிழ்த்துக்கொண்டு போனார்.

வெள்ளி, மேன்லி

வட்டாரக் கதைக்கு மேன்லி 1906இல் தான் வந்து சேர்ந்தது. ஆனாலும் படகுப் பயணத்துக்காகவே போகலாம். துறைமுக வாய் நெருங்கும்போது படகு ஒருமுறை நன்றாகத் தூக்கிப் போடுகிறது. வலதுபுறம் வடமுனையின் சரிவில் பழைய தொற்றுநோய்த் தடுப்பு நிலையம். 1900 ஜனவரியில் சிட்னியில் பிளேக் தொடங்கியது. 303 பேருக்கு நோய், 103 பேர் மரணம். துறைமுகத்தை ஒட்டிய தெருக்களை அடைத்து, வீடு வீடாகச் சுண்ணாம்படித்து, நோயாளிகளையும் அவர்களோடு பழகியவர்களையும் படகில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அந்த நகரம்தான் அதே குளிர்காலத்தில் புதிய வட்டாரங்களாகப் பிரிந்து ரக்பி ஆடியது. பயந்து வீட்டுக்குள் கிடக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமில்லை. நாமும் எவ்வளவோ பார்த்திருக்கிறோம்.

மேன்லி மைதானத்தில் இருந்தபோது ராபர்ட் ஷூட் நினைவுக்கு வந்தார். 23 வயது, பொறியியல் மாணவர், பல்கலைக்கழக ஆட்டக்காரர். 1922 ஜூனில் இங்கே ஆடும்போது விழுந்து மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். மறு ஆண்டு முதல் சிட்னிக் கழக ரக்பியின் கோப்பை அவர் பெயரில். முதல் தடவையே அதை வென்றது பல்கலைக்கழகம். இன்றும் அது ஷூட் கேடயம்தான்.

சனி, வடக்கு சிட்னி

டூங்காபியில் ஏறினால் பாலத்தின் மேலாக ரயில் நேரே வடக்கு சிட்னி. 1932க்கு முன்பு பாலம் கிடையாது. வடக்கு சிட்னி அணி எங்கே போவதானாலும் படகு பிடிக்க வேண்டும்.

மைதானத்தைச் சுற்றி விழுதிறக்கிய பெரிய அத்தி மரங்கள். காலையிலேயே கீழ்நிலை அணிகளின் ஆட்டம் தொடங்கிவிடுகிறது. நான்காம் தரம், மூன்றாம் தரம் என்று ஏறி ஏறி, மூன்று மணிக்கு முதல் தரம். அடுப்பில் சாசேஜ் வெடிக்கிறது, பாண் துண்டில் வெங்காயத்தோடு மடித்துத் தருகிறார்கள். ஆட்டம் முடித்த மூன்றாம் தரத்துப் பையன் ஒருவன், முட்டியில் இரத்தம் காயாமல், அதே அடுப்புக்குப் பின்னால் போய் நின்று பரிமாறத் தொடங்கினான்.

நான் உட்கார இடம் தேடவில்லை, ஒரே இடம்தான் வேண்டும்: பாப் அரங்கு. 1895இல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் கட்டியது. ஒரு ஷில்லிங் கொடுத்தால் உள்ளே விடுவார்கள், அதனால் அந்தப் பெயர். 1980களில் அங்கே புதிய அரங்குகள் எழும்பியபோது இதைக் கழற்றி, இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள். தூண்கள் மெலிந்த வார்ப்பிரும்பு. 1899இல் ஆஸ்திரேலியா முதல் டெஸ்டை வென்றதையும், 1907இல் 50,000 பேர் நெருக்கியடித்ததையும் இந்தக் கூரை பார்த்திருக்கிறது.

எதிரணி பல்கலைக்கழகம். 1900இன் எட்டில் இரண்டு. கிழக்கும் மேற்கும்கூட இன்னும் ஷூட் கேடயத்தில் உண்டு. கிளீப் இல்லை. பல்மெய்னோடு இணைந்து, 1931இல் டிரம்மோய்ன் ஆனது. லீக்கிலும் கிளீப் 1929ஓடு முடிந்தது. வடக்கு சிட்னியின் லீக் அணியான பெயர்ஸ் 1999க்குப் பிறகு மேல்மட்டத்தில் இல்லை, 2027 முதல் பெர்த்தில் இருந்து ஆடப்போகிறதாம். சிட்னியின் வட்டாரப் பெயர் கண்டத்தின் மறுகோடியில்! கோடு கிழித்தவர்கள் இதைக் கேட்டால் வரைபடத்தைச் சுருட்டி வைத்திருப்பார்கள்.

பக்கத்தில் ஒரு பெண்மணி, மகன் மூன்றாம் தரத்தில் விங்காம், ஓரத்தில் ஓடும் ஆட்டக்காரன். எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று கேட்டேன். ஒரு மணி நேரம் காரோட்டி வருகிறார்கள். குடியிருப்பு விதி என்றோ செத்துவிட்டது. கல்வியும் நட்பும் பயிற்சியாளரும் அழைக்கும் கழகத்துக்குப் போகிறார்கள், 1899இல் போனதுபோல.

இரண்டாம் பாதியின் முடிவில், 22 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளூர்ப் பையன் டிராப் கோலுக்கு உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே. அரங்கு முழுக்க ஓர் உறுமல். "போயிருந்தால் மூன்று" என்று அந்தப் பெண்மணி தலையில் கை வைத்தார். "1900 என்றால் நான்கு" என்றேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை நீட்டினார். இரங்கினாரோ பாராட்டினாரோ, வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கதையெல்லாம் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கான்கார்டில் மேற்குக் கழகத்தின் ஆட்டம் இருக்கிறது, வருகிறீர்களா என்று சித்தப்பாவைக் கேட்டேன். உடனே சம்மதித்தார். ஈல்ஸ் சால்வையைச் சலவைக்குப் போடும்படி சித்தியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது யூனியன் ஆட்டம் என்று இன்னும் நான் சொல்லவில்லை.